பென்சன் எடுத்த ஆர்மோனியம்

கல்முனைக்குடியில் இருந்து நிந்தவூர் வரைக்கும் எந்தச் சந்தியில் இறங்கி "ஆர்மோனிய மாஸ்டர்ட வீடு எங்க?" என்று கேட்டாலும், ஓட்டோக்காரர் உங்களைச் சரியான வாசலில் இறக்கிவிடுவார். அதை வைத்து உள்ளே இருப்பவருக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. வாசிக்கத் தெரிந்தவரை ஊர் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். பட்டம், பழகுகிறவருக்கு மட்டும்.

இவர் பெரும்பாலும் கணக்கு வாத்தியாராக இருந்திருப்பார். இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர். 2022 டிசம்பர் கடைசியில் அறுபது தாண்டிய அரச ஊழியர்களைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்களே, அன்றிலிருந்து இந்த வர்க்கம் எங்கள் கிழக்குக் கரையில் பெருகிவிட்டது. உடன் போனவர்கள் உம்றாவுக்குப் போனார்கள், வட்டையில் வேளாண்மை செய்தார்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் சேர்ந்து ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள். இவர் பெட்டி வாங்கினார்.

ஆசை என்னவோ சின்ன வயதிலேயே வந்துவிட்டது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையில் நாகூர் ஹனீபா பாட வருவார். எல்லாரும் அந்தக் கணீர்க் குரலுக்குக் காத்திருக்க, இவர் மட்டும் குரலுக்கு முன்னால் வரும் பெட்டிச் சத்தத்துக்குக் காத்திருந்தவர். வாப்பாவிடம் கேட்கத் துணிந்த வருடம் 1978. நவம்பர் சூறாவளி வந்து கூரையைக் கொண்டுபோயிற்று. கூரை இல்லாத வீட்டில் ஆர்மோனியம் கேட்கிற பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பிறகு உத்தியோகம். பிறகு யுத்தம், எங்கள் பாஷையில் பிரச்சினைக் காலம். இருட்டினால் லாம்பையே தணித்து வைக்கிற நாளில் பெட்டியா? பிறகு பெண் பிள்ளைகள். இந்தக் கரையில் பெண்ணைப் பெற்றவர் என்றால் வீட்டைக் கட்டப்போகிறவர் என்று அர்த்தம். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு சீதன வீடு. மூத்தவளின் வீட்டுக்குக் கொங்கிறீற் போட்டுக் கையை எடுக்க, 2004இல் சுனாமி வந்து, பழைய ஹனீபா கசெட்டுகள் இருந்த அலுமாரியைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த அலையில் போனவர்களைப் பற்றிப் பேசும் வாயால் கசெட்டைப் பற்றிப் பேச இவருக்கு வெட்கம். அதனால் வெளியே சொல்லவில்லை. ஹனீபா 2015இல் மௌத்தான அன்றைக்குத்தான், "ஒரு பெட்டி வாங்கோணும்" என்று முதல் தடவையாக மனைவியிடம் சொன்னார். ராத்தா (மாஸ்டரின் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை ஜனாஸாப் பெட்டி என்று விளங்கிக்கொண்டு அழுதுவிட்டார்.

கடைசியில் முழங்கால் வைத்தியத்துக்கு ராத்தாவைச் சென்னைக்குக் கூட்டிப்போய், நாகூரில் ஸியாரத்தும் முடித்து, திரும்பும்போது வாங்கியாயிற்று. விமானத்தில் கொடுத்த கிலோக் கணக்கில் பெட்டி ஏறியது, சாரிகள் இறங்கின. அந்தச் சாரிகளின் கணக்கு இன்னும் முடியவில்லை.

வாங்கியவர் வாசிக்க வேண்டுமே? இல்லை. இவர் வாத்தியார். முதலில் பாடத்தை ஆயத்தப்படுத்த வேண்டும். மாதக்கணக்கில் பெட்டி உறைக்குள் இருந்தது, இவர் யூடியூபுக்குள் இருந்தார். 1840களில் பரிஸ் நகரத்து டெபேன் என்பவர் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்துக்கு உரிமம் எடுத்ததும், கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும் பெட்டியாகச் சுருக்கியதும், தேத்தண்ணிக் கடையில் இவருடன் ஒரே வாங்கில் இருந்த எல்லாருக்கும் இப்போது மனப்பாடம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்து 1971 வரைக்கும் உள்ளே விடாமல் வைத்திருந்த கதையை வீட்டிலும் போய்ச் சொன்னார்.

"ஒரு நாட்டுட ரேடியோவே முப்பது வருசம் தாங்காத சாமான நான் எப்படித் தாங்குற?" என்று கேட்டார் ராத்தா.

"அது சத்தத்துக்கு இல்ல புள்ள. சுரத்த வளைக்க ஏலா, குழைக்க ஏலா, கட்டைக்குக் கட்டை நிக்கும். கமகம் வராது. அதுக்குத்தான்."

"வளையாதது, குழையாதது இந்த வீட்டுல ஏற்கனவே ஒண்டு இரிக்கி."

வீடு என்று ராத்தா சொல்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. வீடு மகளுடையது. மருமகன் அதில் வாழ வந்தவர். மாஸ்டரும் ராத்தாவும் பின்பக்க அறையில், சட்டப்படி மகளின் விருந்தாளிகள். இவரது சொத்து அந்தப் பெட்டி ஒன்றுதான். பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு அடுத்த வீடு, அதற்குப் பின்னால் அதற்கடுத்தது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மூன்று வீட்டுக்காரர் சோறு போடுகிற நெருக்கத்தில், ஒரு மனிதன் இரகசியமாகப் பிழை விட இடமே கிடையாது. பழகுவதென்றால் பிழை விடுவதுதானே! நகரத்துப் பெரிய வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு விடுகிற பிழைகளை இவர் ஒரு குறிச்சியையே சாட்சிக்கு வைத்துக்கொண்டு விட வேண்டியிருக்கிறது. மருமகன் மரியாதையான பிள்ளை. "நல்லா இரிக்கி மாமா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் இப்போதெல்லாம் ஐங்காலத் தொழுகைக்கும் ஜமாஅத்துக்குத் தவறாமல் போகிறார் என்று ஊரில் நல்ல பேச்சு.

ஒலிக்காமல் வாசிக்கலாம் என்று மகன் கட்டாரில் இருந்து கீபோர்ட் ஒன்றும் இயர்போனும் அனுப்பினான். இரவில் இருட்டுக்குள், ஒரு சத்தமும் இல்லாமல், தலையை ஆட்டி ஆட்டி விரலால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்த மூத்தவரைப் பார்த்த பேரப்பிள்ளை விடியும்வரை தூங்கவில்லை. ஓதிப் பார்க்க ஆளைக் கூட்டி வந்தார்கள். கீபோர்ட் உறைக்குள் போயிற்று.

மார்க்கப் பிரச்சினையும் இல்லாமல் இல்லை. கல்யாண வீட்டில் தஃப் அடிக்கலாம், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் பாவாமார் றபான் தட்டிப் பாடலாம், பெட்டி கூடுமா? கூடாது என்பவர்கள் ஒரு வாங்கு. நபி புகழ் பாடிய ஹனீபாவின் பாட்டிலேயே பெட்டி ஒலித்ததே என்பவர்கள் மறு வாங்கு. நடுவில் ஒருவர், "மாஸ்டர் வாசிக்கிறதுல இசையே இல்லையே, பிறகு எப்படி ஹராமாகும்?" என்று பத்வா கொடுத்தார். மூன்று கட்சியும் ஒன்றுபட்ட இடம் அது மட்டுமே. அதான் சொல்லும் நேரத்தில் மட்டும் துருத்தி அசையாது. அதில் இவர் கறார்.

பெட்டி பழக்க வந்த குரு காரைதீவுப் பொடியன். மட்டக்களப்பு சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்துப் பட்டம் எடுத்தவர், இவரது மகனை விட இளையவர். முதல் நாளே மாஸ்டர் குருவுக்கு ஊர்ப் பெருமை எடுத்துவிட்டார்: "ஒங்கட ஊர் விபுலானந்த அடிகள் அழிஞ்சுபோன யாழையே கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சி 1947இல நூல் வெளியிட்டவர். நானும் கணக்கு வாத்தி."

"ஓம் சேர்," என்றார் குரு. "முதல்ல இடது கையால காத்த விடுங்கோ."

சிக்கல் அந்த இடது கைதான். நாற்பது வருடம் வலது கையில் சோக்கும் இடது கையில் பிரம்பும் வைத்திருந்தவர். வலது விரல் அடுத்த கட்டையைத் தேடும்போது இடது கை அதை வேடிக்கை பார்க்க நின்றுவிடும். பெட்டி மூச்சிழுத்து, முனகி, அடங்கும். "சேர், கைய நிப்பாட்டாதீங்கோ" என்று குரு சொல்லுவார். ஒரு தலைமுறைக்கே "கைய நீட்டு" என்று சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டு "சரி சேர்" என்பார். அந்த "சரி சேர்" வரும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் ஓடுவதை நான் கவனித்திருக்கிறேன். பிழையாகச் செய்தும் சம்பளம் வெட்டாத வேலை இவருக்கு இதுதான் முதல். பதிலுக்கு, குரு எழுதிக் கொடுக்கும் சுரத்தாளில் எழுத்துப்பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுக்கிறார்.

வீட்டில் முடியாமல் அஸருக்குப் பின் கடற்கரைக்குப் பெட்டியைத் தூக்கிப்போன காலமும் உண்டு. கரைவலை இழுக்கிறவர்கள் முதலில் ஏலேலோவுக்குத் தோதாகும் என்று சந்தோஷப்பட்டார்கள். இவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் வலையும் நின்றது. அதற்குள் உப்புக்காற்று உள்ளே போய்ச் சுருள்கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, அழுத்திய கட்டை ஒன்று மேலே வராமல், துருத்தி அசையும்போதெல்லாம் ஒலித்தது. அதைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதியைக் கடந்ததுதான் இவர் ஊருக்குக் கொடுத்த முதல் பகிரங்கக் கச்சேரி.

இப்போது மீண்டும் பின்னறைதான். ஆசைப்பட்டது இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அந்த ஹனீபா பாட்டுக்கு. வந்திருப்பது சரளி வரிசை வரைக்கும். ஆனால் சரளி வரிசை குறிச்சிக்கே வந்துவிட்டது. அடுத்த வீட்டு மாமி மீன் ஆயும்போது மாயாமாளவகௌளை முனகுகிறார். மதறஸா விட்டு வரும் பொடியன்கள் இரண்டாம் காலத்தில் ஓடுகிறார்கள். போன வாரம் மீன்காரக் காக்கா மோட்டார் சைக்கிளை ஜன்னலடியில் நிறுத்தி, ஹோன் அடிக்காமல், வாசித்து முடியும் வரைக்கும் நின்றார்.

"சேர், இண்டைக்கு ஏறினது சரி. எறங்கக்குள்ள 'த'வ விட்டுட்டீங்க."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலால் அவரைப் பார்த்தார். எட்டாம் வகுப்பில் கணக்கில் இவரிடம் அடி வாங்கி வெளியே போன பிள்ளை.

"சூரை கிலோ என்ன விலை?"

"ஆயிரத்தி இருநூறு சேர்."

"அரைக் கிலோ என்ன?"

"எழுநூறு."

மாஸ்டர் பெட்டியை மூடிவிட்டு எழும்பினார்.