இவவுக்குத்தான் பாக்கிறன்

லண்டனில் தமிழர் கலியாண வீடுகளில், சாப்பாட்டு வரிசை தொடங்குமுன் மண்டபத்து ஓரமாக நாலைந்து ஆண்கள் கூடி நிற்பார்கள். நடுவில் நிற்பவர் கைபேசியைச் சற்றுத் தூரத்தில் பிடித்து, ஒரு படத்தை விரலால் பெருப்பித்துக் காட்டிக்கொண்டிருப்பார். பேரப்பிள்ளையின் படமாக்கும் என்று கிட்டப் போனால் ஏமாந்துபோவீர்கள். நாலு சக்கரம், முன்னுக்கொரு கூடை, சுழலும் இருக்கை: நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கான மின்சார ஸ்கூட்டர்.

"ஆருக்கு அண்ணை?"

"இவவுக்குத்தான் பாக்கிறன். முந்தி மாதிரி அவவுக்கு நடக்க ஏலாது."

அந்த நேரத்தில் 'அவ' மண்டபத்தின் மற்றத் தொங்கலில், ஒரு கையில் பேத்தியும் மறு கையில் பலகாரப் பெட்டியுமாக, மேடைப் படியை இரண்டிரண்டாய்த் தாண்டி ஏறிக்கொண்டிருப்பா. நம்மவர்தான் கதிரையின் முதுகைப் பிடித்தபடி நிற்பார். பிடியைத் தளர்த்தவே மாட்டார்.

ஈஸ்ட்ஹாமில், வெம்பிளியில், ஹரோவில், ரூட்டிங்கில் என்று தமிழர் கூடியிருக்கும் இடமெல்லாம் இவரைக் காணலாம். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். முழங்கால் தேய்ந்திருக்கும். சீனி வருத்தம் பாதத்தின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொண்டுபோயிருக்கும். இரண்டையும் ஒப்புக்கொள்ள மாட்டார். "கால் கொஞ்சம் உளையுது" என்பதுதான் டொக்டரிடம்கூட அவர் கொடுக்கும் உச்சபட்ச வாக்குமூலம்.

ஸ்கூட்டர் வாங்குகிற இனம் வேறு. இவர் ஸ்கூட்டர் பார்க்கிற இனம். பொம்பிளை பார்க்கப் போய், பலகாரம் சாப்பிட்டு, "அறிவிக்கிறம்" என்று சொல்லிவிட்டு வருகிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, கடை கடையாகப் போய் விலைப்பட்டியலை வாங்கிக்கொண்டு வருவார். சமையலறை மேசையில் அவை அடுக்கடுக்காய்க் கிடக்கும். அவற்றுக்கு மேலேதான் வீட்டுக்காரி கீரை ஆய்வா.

இவரை லேசாக எடைபோடக் கூடாது. இளவயதில் றலி சைக்கிளில் முன்னுக்கொருவர் பின்னுக்கொருவர் ஏற்றி எதிர்காற்றில் மிதித்தவர். பிறகு மொறிஸ் மைனர் வைத்திருந்தவர். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, துளிப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடிய தலைமுறை. அப்படிப்பட்டவரிடம் போய், "சுவரில் செருகி இரவிரவாய் சார்ஜ் பண்ணினால் போதும், காலையில் ஓடும்" என்றால் மரியாதை வருமா? வாகனம் என்றால் அது கொஞ்சமாவது இடக்குப் பண்ண வேண்டும்.

பிரித்தானியச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இந்த வண்டிகளில் இரண்டாம் வகுப்பு நடைபாதைக்கானது. மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓடாது. மூன்றாம் வகுப்பு தெருவிலும் இறங்கலாம். அங்கே 8 மைல் வரை போகும், நடைபாதையில் ஏறியதும் சுவிட்சைத் தட்டி 4 மைலுக்குக் குறைத்துவிட வேண்டும். இரண்டுக்கும் லைசென்ஸ் தேவையில்லை, காப்புறுதி கட்டாயமில்லை. மூன்றாம் வகுப்பை மட்டும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயில் பதிய வேண்டும், வரி சுழியம். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை வகுப்பேற்றுவதற்காகவே உழைத்த மனிதர் இரண்டாம் வகுப்போடு நிற்பாரா? "பதிஞ்ச வாகனமெண்டால் அது வேறை" என்பார், கண்ணைச் சற்றே மூடி.

கண் என்றதும் இன்னொன்று. இந்த வண்டி ஓட்டுவதற்குப் பார்வைச் சோதனை என்று சட்டத்தில் ஒன்றுமில்லை. ஆனால் 12.3 மீற்றருக்கு அப்பால் நிற்கும் காரின் இலக்கத் தகட்டை வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் அறிவுரை. நம்மவர் வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக் காரின் இலக்கத்தைப் பிழையில்லாமல் ஒப்புவித்துத் தனக்குத் தானே சித்தி போட்டுக்கொண்டார். அந்தக் கார் பல வருடமாய் அதே இடத்தில்தான் நிற்கிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் சித்தியடைவார்.

அடுத்த கேள்வி, "ஒருக்கா சார்ஜ் பண்ணினால் எத்தினை மைல்?" விற்பனைத் தாள் இருபது என்றால் உதட்டைப் பிதுக்குவார். முப்பது வேண்டும். அவருடைய ராச்சியமோ தமிழ்க் கடை, மருந்துக்கடை, நூலகம், பேரனின் பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்து ஒரு மைலுக்குள் அடங்கும். "ஒரு அவசரத்துக்கு ஒக்ஸ்போர்ட் பக்கம் போறதெண்டால்?" என்று கேட்பார். எட்டு மைல் வேகத்தில் ஒக்ஸ்போர்ட்டுக்குப் போகிற அவசரம் என்ன அவசரம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்தத் தாளில் உள்ள மைலெல்லாம் எடை குறைந்த ஆள், சமதரை, புதுப் பற்றரி, குளிரில்லாத நாள் ஆகியவற்றை வைத்துப் போட்ட கணக்கு. வண்டியில் ஏறப்போவதோ நம்மவர். கூடையில் பத்துக் கிலோ அரிசியும் ஏறும். மாதம் தை.

அதற்கடுத்தது மேடு. ஈஸ்ட்ஹாமில் மருந்துக்கும் மேடு கிடையாது. ஆனால் வடலண்டனில் ஹைகேற் முருகன் இருக்கிறாரே! முருகன் எங்கே போனாலும் குன்று பார்த்துத்தானே குடியேறுவார். தேருக்கு வருடத்தில் ஒருநாள், அதுவும் மகனின் காரில்தான், போய்வருகிற கோயிலுக்காக மோட்டார் எத்தனை பாகை ஏற்றம் ஏறும் என்று ஒவ்வொரு கடையிலும் விசாரித்துக் குறித்து வைத்திருக்கிறார்.

மூன்று சக்கரமா நாலு சக்கரமா என்பது தனி மகாபாரதம். மூன்று என்றால் ஒடுக்கமான இடத்தில் லாவகமாய்த் திரும்பும், கால் நீட்ட இடமிருக்கும். நாலு என்றால் திருப்பத்திலும் மேடுபள்ளத்திலும் கவிழும் பயம் குறைவு. ஈயப் பற்றரி விலை குறைவு, பாரம் கூட. லித்தியம் பாரம் குறைவு, விலை கூட. காற்றடித்த ரயரில் குலுக்கம் குறைவு. கட்டி ரயரில் ஒட்டுப்போடும் வேலை இல்லை. இவ்வளவையும் அவர் நண்பர்களுக்கு விளக்கும்போது பொறியியல் பீடத்தில் விரிவுரை நடப்பதுபோலவே இருக்கும். கேட்டு நிற்பவர்களில் இரண்டு பேர் தங்கள் 'இவ'க்களுக்காகத் தாங்களும் ரகசியமாய்ப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

கடைசியில் மகன் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுக் கடைக்குக் கூட்டிப்போவான். "சும்மா இருந்து பாக்கிறன், இவவுக்கு உயரம் சரிவருமோ எண்டு" என்றபடி ஏறி உட்காருவார். முதலில் கண்ணாடியைச் சரிசெய்வார். பிறகு கிளச்சைத் தேடுவார். கிளச் இல்லை, கியர் இல்லை, மிதிக்க ஒன்றுமே இல்லை. கைபிடிக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். ஒரு பெருவிரலால் அழுத்தினால் முன்னுக்குப் போகும், மற்றப் பெருவிரலால் அழுத்தினால் பின்னுக்கு வரும். விட்டால் தானாக பிரேக் பிடித்து நின்றுவிடும். இந்த விட்டால் நிற்கும் தத்துவம்தான் அவருக்குப் பிடிபடாது. நிற்க வேண்டுமென்று தோன்றியதும் வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கும். பயத்தில் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வண்டி இன்னும் முன்னுக்குப் போகும். ஊன்றுகோல் அடுக்கியிருந்த தட்டு சரிந்து விழுந்ததும், "பிரேக் கொஞ்சம் பிழை" என்று கடைக்காரப் பையனுக்குத் தீர்ப்புச் சொல்வார்.

பின்பக்கம் இன்னொரு நெம்புகோல் இருக்கும். அதைத் தூக்கினால் மோட்டார் பிடி விட்டுவிடும். பழுதாகி நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். அதைக் கண்டதும் நம்மவர் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். "ஆ! தள்ளி ஸ்ரார்ட் பண்ணலாம்!" பண்ண முடியாது. அந்தப் பிடியை விட்டால் பிரேக்கும் போய்விடும், சரிவில் கை வைக்கவே கூடாது என்று பையன் சொல்லிக்கொண்டே இருப்பான். மொறிஸ் மைனரைத் தள்ளி எழுப்பியவருடைய காதில் அது ஏறாது.

இத்தனைக்கும் வீட்டுக்காரி இதுவரை கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இஞ்சாருங்கோ, உது எங்கடை வாசலுக்குள்ளாலை வருமோ?"

ஆராய்ச்சி அந்தக் கேள்வியில்தான் வந்து முட்டும். மூன்றாம் வகுப்பு வண்டி 85 சென்ரிமீற்றர் அகலம் வரை இருக்கலாம் என்கிறது சட்டம். பழைய வரிசை வீட்டின் வாசலோ அதைவிட ஒடுக்கம். வாசலில் ஒரு படி. உள்ளே நடையில் சப்பாத்துத் தட்டு. அவ தையல் பெட்டியிலிருந்து அளவுநாடாவை எடுத்து வாசல், நடை, பின்பக்கக் கொட்டில், மகனுடைய காரின் டிக்கி எல்லாவற்றையும் அளந்து, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறா. லண்டன் பஸ்ஸில் ஏற்ற வேண்டுமானால் வண்டி 60 சென்ரிமீற்றர் அகலம், 100 சென்ரிமீற்றர் நீளத்துக்குள் இருக்க வேண்டும், ஒடுக்கமான இடத்தில் திரும்பவும் வேண்டும் என்பதையும் மகளிடம் கேட்டு அறிந்து கீழே குறித்திருக்கிறா. கொட்டிலுக்குள் மின்சாரப் பிளக் இருக்கிறதா என்பதும் அதிலுண்டு. மாடிக் குடியிருப்பில் இருக்கும் தங்கச்சி பொது நடையில் வைத்து சார்ஜ் பண்ணப் பார்த்து, தீப்பிடித்தால் ஆட்கள் ஓடித் தப்புகிற வழி அது என்று பேச்சு வாங்கிய கதை அவவுக்குத் தெரியும். தாள் முழுக்க மைல் பற்றி ஒரு சொல் இல்லை.

உண்மையான சிக்கல், அவவையும் கூட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போய்ப் பணம் கட்டும் இடத்தில் வரும். பிரித்தானியாவில் நீண்டகால வருத்தமோ உடற்குறையோ உள்ளவர் தன் சொந்தப் பாவனைக்கு இந்த வண்டியை வாங்கினால் நூற்றுக்கு 20 வற் வரி கட்டத் தேவையில்லை. வயது போய்விட்டது என்பது மட்டும் காரணமாகாது. படிவத்தில் பெயரும் வருத்தமும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வண்டி 3000 பவுண் என்றால் வரி 600 பவுண்.

"இவவின்ரை பேரைப் போடுவம்" என்று பேனையை நீட்டுவார்.

"எனக்கென்ன வருத்தமெண்டு எழுதப்போறியள்?"

அவர் யோசிப்பார். அவவுக்கு ஒரு தடிமன்கூட இல்லை. மகன் கூரையைப் பார்ப்பான். கடைக்காரப் பையன் கணினியைப் பார்ப்பான். ஒருபக்கம் எழுபது வருட மானம், மறுபக்கம் 600 பவுண். தராசு கொஞ்ச நேரம் ஆடும். பிறகு நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முழங்கால் வாதம் என்று தன் பெயருக்கு நேரே எழுதிக் கையெழுத்து வைப்பார். "வரிக்காகத்தான்" என்று மகனுக்கு மட்டும் கேட்கச் சொல்லுவார். டொக்டர் இவ்வளவு காலமாகக் கேட்டும் வராத வாக்குமூலத்தை வற் வரி ஒரே நாளில் வாங்கிவிட்டது.

வாங்கிய பிறகும் கதை தொடரும். நடக்கச் சிரமப்படுகிறவர் தவிர மற்றவர்கள் இந்த வண்டியை வெளியில் ஓட்டுவதானால், விற்பனைக்கு ஓட்டிக் காட்டுவதற்கோ, பழக்கிவிடுவதற்கோ, திருத்தக் கொண்டுபோய் வருவதற்கோ மட்டும்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. தெருவில் தெரிந்தவர்கள் கண்டு விசாரித்தால் நம்மவர், "திருத்தக் கொண்டுபோறன்" என்பார். ஒவ்வொரு நாளும் திருத்தக் கொண்டுபோவார். திருத்துகிற இடம் தமிழ்க் கடைக்கும் நூலகத்துக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. திரும்பி வரும்போது கூடையில் முருங்கைக்காய் இருக்கும்.

உலகத்தில் 'இவவுக்குத்தான்' என்று உண்மையாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த அல் தீம். நரம்பு நோயால் நடக்க முடியாமல் சிரமப்பட்ட மனைவிக்காக 1968இல் தன் வீட்டுக் கராஜில் மின்சார மோட்டார் வைத்த மூன்று சக்கர வண்டியைச் செய்தார். இந்த ஸ்கூட்டர்களுக்கெல்லாம் மூத்தது அதுதான். அவருக்குப் பிறகு அந்த வசனத்தை எடுத்து வைத்திருக்கும் கணவன்மாரில் பெரும்பாலானோர் தங்களுக்கே பார்க்கிறார்கள்.

அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவர் 'இது இவவின்ரை' என்று சொல்வதில்லை. பல்செட் கட்டியவரும் சொல்வதில்லை. காலுக்கு வந்தால் மட்டும் ஏனோ ஆண் சிங்கம் குகைக்குள் போய் ஒளிகிறது. வீட்டுக்குள் ஒளிந்த கால் இன்னும் கெதியாய்ப் பலம் கெடும். பார்த்துக்கொண்டே கழித்த காலத்தில் பேரனின் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியும் போயிருக்கும், நண்பனின் செத்தவீடும் போயிருக்கும்.

ஆகவே கலியாண வீட்டு மூலையில் படம் காட்டிக்கொண்டு நிற்கும் அண்ணைமாரே, மைலையும் மேட்டையும் விடுங்கள். வாங்குமுன் ஓட்டிப் பழக வேண்டுமானால், 1979இல் மில்டன் கீன்ஸில் தொடங்கிய ஷொப்மொபிலிற்றி போன்ற திட்டங்கள் பல நகர மையங்களில் கடைத்தெருவைச் சுற்றிவர ஸ்கூட்டர் தருகின்றன. அதில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கடைக்குப் போகும்போது அளவுநாடா வைத்திருப்பவவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். படிவத்தில் உங்கள் பெயரையே எழுதுங்கள்.