ஒலி ஒன்று, பொருள் வேறு

கேள்வி: வசைச்சொல் போலக் காதில் விழுகிறது என்பதற்காக, பாவம் அறியாத சொல்லையும் ஒதுக்க வேண்டுமா?

பதில்: 1999 ஜனவரியில் வாஷிங்டன் மேயர் ஆண்டனி வில்லியம்ஸின் உதவியாளர் டேவிட் ஹவர்ட், நிதியை இறுக்கிப் பிடித்துச் செலவிட வேண்டும் என்பதற்கு 'நிகர்ட்லி' என்றார். 'கஞ்சத்தனமான' என்று பொருள். இதைப் போலவே ஒலிக்கும், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசை லத்தீன் வழி வந்தது. இதன் மூலச்சொல்லோ கவிஞர் சாசர் காலத்திலேயே ஆங்கிலத்தில் புழங்கிய வேறு குடும்பத்துச் சொல். ஆனாலும் அவர் வசைச்சொல்லைச் சொன்னதாக வதந்தி பரவியது, ஹவர்ட் பதவி விலகினார்.

கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவர் ஜூலியன் பாண்ட் அவருக்காகப் பரிந்து பேசினார். மேயர் திரும்ப அழைத்தார். ஹவர்ட் வேறு பொறுப்பில் சேர்ந்தார்.

கஞ்சத்தனத்துக்கு ஆங்கிலத்தில் மாற்றுச் சொற்கள் உண்டு. கேட்பவர் மனம் நோகும் என்று தெரிந்தால் அவற்றில் ஒன்றை எடுப்பது அன்பு. தவறாக எதுவும் சொல்லாத ஒருவரைத் தண்டிப்பது மட்டும் அநியாயம்.

அதே வசை போலக் காதில் விழும் சீனர்களின் 'நெய்க' கதை வேறு. நாம் பேச்சுக்கு நடுவே 'வந்து... வந்து...' என்று இழுப்போமே, அதுதான் அது. 2020இல் சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதை உதாரணம் காட்டிய பேராசிரியரின் பாடம் வேறொருவர் கைக்குப் போனது. கோடிக்கணக்கானோர் தினமும் சொல்லும் சொல்லுக்கு அவர்கள் எங்கே போய் மாற்றுத் தேடுவார்கள்?