பீப்பாய் மிட்டாய்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஆய்வுப் பொருள் சிறியது. பழுப்பு நிறம், சுண்டுவிரல் நுனியளவு, சின்னஞ்சிறு பீப்பாயின் வடிவம், இரு முனையும் முறுக்கிய கண்ணாடித்தாள். அமெரிக்கர்கள் இதை ‘ரூட் பீர் பேரல்’ என்கிறார்கள். ரூட் பீர் என்னும் பானத்தின் மணத்தைச் சர்க்கரைக்குள் அடைத்த மிட்டாய் இது. இதையும் இதன் இனத்தாரையும் சுவைத்துத் தரம் பிரிப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வாளர் ஒருவர், நாக்கு ஒன்று, மானியம் கிடைக்கவில்லை.

முதலில் பெயர்ச் சிக்கல். நன்னூல் படித்தவர்கள் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரிப்பார்கள். ரூட் பீர் பிறந்தபோது சுத்தமான காரணப்பெயர். சாஸஃப்ராஸ் என்னும் மரத்தின் வேர்ப்பட்டையோடு இன்னும் சில பட்டைகளையும் வேர்களையும் காய்ச்சி, ஈஸ்ட் போட்டு லேசாகப் புளிக்கவிட்ட வீட்டுப் பானம் அது. பிலடெல்பியா மருந்துக்கடைக்காரர் சார்லஸ் ஹயர்ஸ் 1876இல் அந்த நகரில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அதை ஊரறியச் செய்தார். பிறகு 25 சென்ட் கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கினால் வீட்டிலேயே 5 கேலன் தயாரித்துக்கொள்ளலாம் என்று விற்றார். ‘வேர்த் தேநீர்’ என்றுதான் பெயர் வைக்க இருந்தாராம். பென்சில்வேனியாவின் சுரங்கத் தொழிலாளியிடம் போய்த் தேநீர் என்றால் எவன் வாங்குவான் என்று நண்பர் கேட்க, தேநீர் பீராயிற்று என்று கதை.

வம்பும் அந்தப் பெயரோடு வந்தது. 1890களில் அமெரிக்கப் பெண்களின் கிறிஸ்தவ மதுவிலக்குச் சங்கம் இந்தப் பானத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. ஹயர்ஸோ குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், மதுவைத் தொடாதவர். பெயரில் இருந்த பீர் பாட்டிலில் இல்லை என்று நிரூபிக்க அவர் பட்ட பாடு தனி.

பீர் போனது போகட்டும், வேராவது மிஞ்சியதா? சாஸஃப்ராஸ் எண்ணெயின் முக்கியச் சரக்கான சாஃப்ரோல், ஆய்வுக்கூட எலிகளின் ஈரலில் புற்றுக்கட்டியை உண்டாக்கியது. 1960இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. (ஜாதிக்காயிலும் மிளகிலும்கூட அது துளியூண்டு உண்டு. ரசம் வைத்துக்கொண்டிருப்பவர்கள் அடுப்பை அணைக்க வேண்டாம்.) ஆக, வேரும் இல்லை, பீரும் இல்லை. காரணப்பெயர் ஒரே உத்தரவில் இடுகுறிப்பெயர் ஆன அபூர்வ நிகழ்ச்சி இது. இலக்கணிகள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மிட்டாய்க்கு வந்தால் இழப்புக் கணக்கு இன்னும் நீளும். பானத்துக்கு நுரை உண்டு, வாயு உண்டு, ஐஸ்கிரீம் உருண்டையை மிதக்கவிட்டால் தனி மரியாதை உண்டு. மிட்டாயில் இவை எதுவும் கிடையாது. சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சுகிறார்கள். நீர் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிடும். பாகு சற்று ஆறிய பிறகே மணச்சரக்கு விழும். கொதியில் போட்டால் மணம் காற்றோடு போய்விடும். இறுகிய பிறகு அது படிகம் கட்டாத சர்க்கரைக் கண்ணாடி. வாசனை அதற்குள் சிறைப்பட்டிருக்கும்.

இதைச் சோதிக்க உபகரணம் எதுவும் வேண்டாம். மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு மிட்டாயை வாயில் போட வேண்டும். வெறும் இனிப்பு, கற்கண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. கையை எடுத்ததும் தொண்டைக்குப் பின்வழியாக ரூட் பீர் மூக்குக்கு ஏறும். ஆய்வாளர் இதை ரயிலில் செய்துபார்த்தார். எதிர் இருக்கை அம்மாள் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அப்படி ஏறுவதுதான் என்ன? இன்றைய ரூட் பீர் மணத்தின் முதுகெலும்பு விண்டர்கிரீன், அதாவது மெத்தில் சாலிசிலேட். துணைக்கு வனிலா, கம்பெனிக்குத் தக்கபடி சோம்பு, கிராம்பு, அதிமதுரம். விண்டர்கிரீன் செடியின் உறவுக்கார இனம் ஒன்று நீலகிரியில் வளர்கிறது. அதன் எண்ணெய் ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் நிற்கும், மூட்டுவலிக்கு. எனவே தமிழ் மூக்குக்கு இந்த மிட்டாய் முதல் நொடியிலேயே சுளுக்கை நினைவூட்டும். அமெரிக்கக் குழந்தை இதே மணத்தை முதலில் சந்திப்பது வாயில். நம் குழந்தை சந்திப்பது தாத்தாவின் முழங்காலில்.

அடுத்த நொடியில் நன்னாரி தலைகாட்டும். இதற்கு மூலக்கூறு மட்டத்திலேயே ஆதாரம் உண்டு. நன்னாரி வேருக்கு வாசம் தரும் பொருள், வனிலின், மெத்தில் சாலிசிலேட் மூன்றிலும் இருப்பவை அச்சு அசல் ஒரே அணுக்கள்: கார்பன் 8, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 3. அடுக்கிய விதம்தான் வேறு. ஒரு வரிசையில் அடுக்கினால் சர்பத், இன்னொன்றில் ஐஸ்கிரீம், மற்றொன்றில் தைலம். இம்மூன்றையும் தனித்தனி அலமாரியில் வைத்துப் பழகியவர்கள் நாம். அமெரிக்கர் இரண்டைக் கலந்து காகிதம் சுற்றிவிட்டார்.

இனி ஒப்பீடு. பீப்பாயே மூலபாடம் என்பது ஆய்வாளரின் துணிபு. அதிலும் டாட்ஸ் ரூட் பீர் பெயர் தாங்கிய பீப்பாய்க்குக் குடும்பப் பெருமை உண்டு. 1937இல் சிகாகோவில் தொடங்கிய அந்தப் பானத்தின் பாட்டில்களுக்கு அளவுக்கேற்ப ‘பாப்பா’, ‘மாமா’, ‘ஜூனியர்’ என்று பெயர் வைத்தார்கள். ‘பாப்பா’ அங்கே அப்பா, ‘மாமா’ அம்மா. தமிழ் வாசகர் இந்த உறவுமுறையில் தலையிட வேண்டாம். மிட்டாயைப் பேரன் என்று கொள்க. பீப்பாயின் குறை ஒன்றே: பாதி கரைந்ததும் விளிம்பு கூராகி மேலண்ணத்தைக் கீறும்.

ஜெல்லி பெல்லி 1976இல் வந்தபோது இருந்த எட்டுச் சுவைகளில் ரூட் பீரும் ஒன்று. மேலோட்டில் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் ஜெல்லியிலும் சுவை சேர்த்தது அதன் சாதனை. ஆனால் நாலு கடியில் தீர்ந்துபோகிறது. சிந்திக்க அவகாசம் இல்லை. பாட்டில் கேப்ஸ், சோடா மூடி வடிவத்தில் அழுத்திய மாத்திரை. அதன் லேசான புளிப்பு வாயுவின் சுறுசுறுப்பை ஓரளவு ஈடுகட்டுகிறது. இந்த வகையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பானத்துக்கு நெருங்கி வருவது அதுதான். ஆனால் சுண்ணாம்புக்கட்டி போல உதிரும் பொருளுக்கு முதலிடம் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

கடைசியாக டம் டம்ஸ் குச்சி மிட்டாய். ஒஹாயோவின் பிரையன் ஊரில் ஸ்பாங்லர் கம்பெனி செய்வது. அங்கே ஒரு சுவையின் பாகு முடிந்து அடுத்த சுவை தொடங்கும்போது இடையில் இரண்டும் கலந்து வருபவற்றை வீணாக்குவதில்லை. கேள்விக்குறிகள் அச்சிட்ட தாளில் சுற்றி ‘மர்மச் சுவை’ என்று பையில் போட்டுவிடுகிறார்கள். ஆய்வாளரின் பையில் மிஞ்சியது அப்படி ஒன்று. முதலில் தைலம், பிறகு ஏதோ பழம், திரும்பவும் தைலம். எந்தப் பட்டியலில் எழுதுவது என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் குச்சி மட்டும் இருந்தது.