விசில் வராத விஞ்ஞான வாத்தியார்

அப்புத்தளையில் தண்ணீர் நூறு பாகையில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர்; வளிமண்டல அமுக்கம் குறைவு. அதனால் ஏறக்குறைய 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கீழே பதுளையில் என்றால் 97, 98. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுத்தான் காலமெல்லாம் சம்பளம் வாங்கினேன். அந்த அறிவு ஒரு பருப்புக் கறிக்குக்கூட உதவவில்லை.

2022இல் நாடே காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோதுதான் எங்கள் வீட்டுக்குள் பிரஷர் குக்கர் வந்தது. லயத்து அடுப்புகளில் எப்போதும்போல விறகு எரிந்தது. காஸுக்குப் பழகிப்போன எங்களைப் போன்றவர்கள்தான் தவித்தோம். குக்கரின் சூட்சுமம் சின்னது. மூடியிலே ஒரு துளை, துளைமேல் ஒரு குண்டு. உள்ளே இருக்கும் நீராவி, வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் கூடுதலாக அமுக்கினால் குண்டு எழும்பி விசில் அடிக்கும். கொழும்பில் அப்போது உள்ளே 121 பாகை இருக்கும். இங்கே வெளிக்காற்றே மெலிந்தது என்பதால் இரண்டு மூன்று பாகை குறையும்.

ஒருநாள் விசில் நின்றுபோனது. மூடியின் ஓரத்தால் ஆவி சீறியது, குண்டு அசையவில்லை. மனைவி என்னைக் கூப்பிட்டாள். நான் குக்கரைத் தொடவே இல்லை. உயரம், அமுக்கம், கொதிநிலை என்று ஒரு பாடமே நடத்தினேன். முடியும்வரை பொறுமையாகக் கேட்டவள் சொன்னாள்: “அது சரிங்க, அடுத்த வீட்டுக் குக்கர் மட்டும் எப்படி விசில் அடிக்குது? அதுவும் அப்புத்தளையிலதானே இருக்கு?”

பதில் இல்லாதபோது சாமான் வாங்கப் போவது என் வழக்கம். வாஷர் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் கேட்டார்: “எத்தனை லீட்டர், சேர்? மூடி உள்ளுக்குப் போறதா, வெளியால மூடுறதா?” தினமும் கண்ணில் படுகிற பாத்திரம், ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. வாத்தியாருக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வருமா? கையை வட்டமாக விரித்து, “இந்த அளவு” என்றேன். கொண்டுவந்த வாஷர் குக்கருக்குச் சேரவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வளையம் எறிந்து விளையாட உதவியது. மறுபடி போகும்போது மூடியையே பையில் போட்டுக்கொண்டு போனேன். முதல் தடவையே அப்படிச் செய்திருக்கலாம் என்று கடைக்காரர் சொல்லவில்லை. முகத்தில் மட்டும் தெரிந்தது.

புது வாஷர் கச்சிதமாக உட்கார்ந்தது. ஓரத்தால் ஒரு பொட்டு ஆவி போகவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னறைக்குப் போனேன். அப்புறம் கேட்டது விசில் இல்லை. மூடியில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். சூடு எல்லை மீறினால் அதிலுள்ள மெல்லிய உலோகம் உருகி வழிவிடும். அது வழிவிட்டது. மைசூர் பருப்பு மஞ்சளோடு கூரைத் தகரம்வரை போனது. குசினியில் அந்நேரம் ஆள் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

ஆறிய மூடியை எடுத்து மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துளைக்குள் வெளிச்சம் வரவில்லை. விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவிக் குத்தினாள். காய்ந்த பருப்புத் தோல் ஒன்று வெளியே விழுந்தது. குக்கரை அரைவாசிக்கு மேல் நிரப்பியதும் நான்தான்; பருப்பு நுரைத்து மேலேறித் தோலைத் துளைக்குள் தள்ளியிருக்கிறது. ஆவி ஓரத்தால் கசிந்தவரை அந்தக் கசிவுதான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாஷர் வாங்கி அதையும் நான் அடைத்திருக்கிறேன்.

1679இல் இலண்டன் ரோயல் சங்கத்தாருக்கு டெனி பப்பென் எலும்பையும் மெதுவாக்கும் நீராவிப் பாத்திரத்தைச் செய்துகாட்டினார். பாத்திரம் வெடிக்காதிருக்கப் பாரம் தொங்கும் வால்வு ஒன்றையும் அதற்கு அமைத்தார். அந்த வரலாற்றையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வால்வுக்குப் போகும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதட்டி உட்காரவைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் திருந்தினேனா? நியூயோர்க்கில் மருமகன் இருப்பது பழைய வீடு. நிலக்கீழ் அறையில் பொய்லர், அறைக்கு அறை நீராவிச் சூடு. அந்த நீராவிக்கு 2 இறாத்தல் அமுக்கமே தாராளம். அதைத் தாண்டாமல் பொய்லரை நிறுத்தவேண்டிய கருவி நிறுத்தவில்லை என்று போனில் சொன்னான். “கருவியை மாத்து மருமகனே” என்றேன் உடனே. வேலைக்கு வந்தவர் கருவியைத் தொடவில்லையாம். கருவிக்கு அமுக்கத்தைக் கொண்டுபோகும் சுருள் குழாயில் துரு அடைத்திருந்ததாம், அதைக் கழற்றிச் சுத்தம் செய்தாராம். அமுக்கம் வந்து சேராத கருவி எதைப் பார்த்து நிறுத்தும்? பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஒன்றும் சொல்லாமல் விளக்குமாறு இருந்த மூலையைப் பார்த்தாள்.

பருப்போ கடலையோ, குக்கரில் அரைவாசிக்கு மேல் போடாதீர்கள். மூடுமுன் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தால் ஆவி வந்தால் அடுப்பை அணைத்து, முழுக்க ஆறவிட்டு, துளையைப் பார்த்த பிறகு வாஷரைப் பாருங்கள். வாஷர் வாங்கப் போனால் மூடியையும் கையோடு கொண்டுபோங்கள்.