பேராவூரணிக் கூடத்துப் பல்லியின் 'ச்ச் ச்ச்': ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வுக்களம்: பேராவூரணியில் ஒரு வீட்டுக் கூடம், தெற்குச் சுவர், ட்யூப்லைட் ஒன்று.

முன்னோர் ஆய்வு: சங்க அகப்பாடல்களிலேயே பல்லி சகுனம் சொல்கிறது. இதைச் சொல்லாமல் தமிழில் எந்த ஆய்வையும் தொடங்கக் கூடாது. சொல்லியாயிற்று.

பெயர்: 1836இல் துய்மேரில், பிப்ரோன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஹெமிடாக்டைலஸ் ஃப்ரெனாட்டஸ்' என்ற பெயரில் விவரித்தார்கள். பேராவூரணியில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் அது வருவதில்லை.

விழும் பலன்: பஞ்சாங்கத்தில் காண்க.

சொல்லும் பலன்: ஒருவர் பேசி முடிக்கையில் பல்லி 'ச்ச் ச்ச்' என்றால் பேசியது சத்தியம். உடனே தரையை விரலால் தட்ட வேண்டும் (சான்று: அப்பாயி, வாய்மொழி). "அடுத்த மாசம் தேங்காய் விலை ஏறும்" என்றார் தாத்தா. ச்ச் ச்ச். "எங்க ஏறும்? மண்டிக்காரன் ஏறவுட மாட்டான்" என்றார் சித்தப்பா. ச்ச் ச்ச். இரண்டுக்குமே அப்பாயி தரையைத் தட்டியது. முரண் அல்லவா என்று கேட்டதற்கு, "ரெண்டு பேரும் பெரிய மனுசங்க, அது யாரை விட்டுக் குடுக்கும்?" என்று விடை கிடைத்தது (சான்று: மேற்படி அப்பாயி, திண்ணை, முதல் வெற்றிலைக்கும் இரண்டாம் வெற்றிலைக்கும் இடையே, பாக்கு தீர்ந்திருந்த நிலையில்). வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர்களும் இந்நெறியையே கைக்கொள்கிறார்கள். பல்லிக்கு வடை மட்டும் வாங்கித் தர வேண்டியதில்லை.

உயிரியலாரோ, ஆண் பல்லி தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும்தான் கத்துகிறது என்கிறார்கள். ஆக, 'ச்ச் ச்ச்' என்பதன் பொருள், "இந்த ட்யூப்லைட் என்னுது." கருத்தரங்கில் கடைசி வரிசையிலிருந்து எழும் கேள்விகளுக்கும் பெரும்பாலும் இதே பொருள்.

தீவு ஒப்பாய்வு: பசிபிக் தீவுகளில் ஓர் அழுமூஞ்சிப் பல்லி உண்டு. 'லெப்பிடோடாக்டைலஸ் லுகுப்ரிஸ்'. இதையும் முதலில் விவரித்தவர்கள் அதே இருவர், அதே 1836. கிட்டத்தட்ட எல்லாமே பெண். ஆண் துணையின்றியே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். மனிதரோடு கப்பலேறிப் போன நம் பல்லி அங்கும் விளக்கடியைப் பிடித்துக்கொண்டு, பூச்சிகளைத் தானே தின்று, அதை ஓரங்கட்டிவிட்டது. "கடல் தாண்டியும் வெளக்கைத்தான் பிடிச்சிருக்கு பாரு" (சான்று: மேற்படி அப்பாயி, கூடம், கரண்ட் போய் வந்த பின், வலக்கையில் பனையோலை விசிறி, இடக்கால் நீட்டிய நிலை, திருத்திய இரண்டாம் கூற்று).

முடிவுரையை ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பாயி விரலைத் தரையருகே தயாராக வைத்திருந்தது. மேலே சத்தமில்லை. வாயில் ஈசல்.