ஏழு விரயங்களை வென்ற ஊர்

டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, பாவம், கார் கம்பெனியிலேயே காலத்தைக் கழித்துவிட்டார். ஒருமுறை ஆம்பூர்ப் பக்கம் வந்திருந்தால் அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம். அதிக உற்பத்தி, காத்திருப்பு, சுமந்து அலைதல், வேண்டாத வேலை, தேங்கிய சரக்கு, வீண் அசைவு, பழுது என்று ஏழு விரயங்களைப் பட்டியல் போட்டார், சரி. அவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. இயந்திரத்தைப் பார்த்தார், கிடங்கைப் பார்த்தார், மேலாளரைக்கூடச் சந்தேகப்பட்டார். நம் பாலாற்றங்கரை ஷூ கம்பெனிகளுக்கோ ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. ஏழும் குடியிருப்பது ஸ்டிச்சிங் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உடம்பில்.

வேட்டை அங்கேதான் நடக்கிறது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் வீண் அசைவு. குடித்த தண்ணீர் தன் வேலையைக் காட்டினால் லைனுக்குக் காத்திருப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பக்கத்து மெஷின்காரியிடம் சொன்னால் வேண்டாத வேலை. சூப்பர்வைசர் ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று, மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் போடுகிறார். அதை அவள் எட்டிப் பிடித்தால் டார்கெட் இன்னொரு படி மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. இதையும் குறை சொல்ல ஆள் இருக்கிறது. கைசன், அதாவது தொடர் முன்னேற்றம் என்றால் தொடர வேண்டாமா?

ஜப்பான்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. லைனுக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். பழுதைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் ஓடிவந்து உதவ வேண்டும், தேவைப்பட்டால் லைனையே நிறுத்த வேண்டும். எவ்வளவு ஆபத்தான ஏற்பாடு! நல்லவேளை, ஜப்பான் முறையை இங்கே இறக்குமதி செய்தவர்கள், ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் வைக்கச் சொல்லும் ஐந்து எஸ் போர்டை மட்டும் இறக்கிக்கொண்டு, கயிற்றைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள். கத்தரிக்கோலுக்கு ஒரு மஞ்சள் கோடு, பசை டப்பாவுக்கு ஒரு மஞ்சள் கோடு. யோசனைப் பெட்டியும் உண்டு. பூட்டித் துடைத்து, உள்ளே ஒரு துண்டுச் சீட்டுகூட விழாமல் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு சிறு, குறு நிறுவனங்களுக்கென, ஓனோ வழியில் விரயத்தைக் களையும் லீன் திட்டத்தைப் புதிதாகத் தொடங்கி, ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. விரயத்தைக் கண்டுபிடிப்பவருக்கு மானியம் உண்டு. விரயம் என்று கண்டுபிடிக்கப்பட்டவளுக்கும் சேர்த்துக் கேட்பது பேராசை.

ஆனால் லீனின் உச்சத்தைக் காண கம்பெனிக்குள் போகக் கூடாது. ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களின் வீட்டுத் திண்ணைகளுக்குப் போக வேண்டும். ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். இடைத்தரகர் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார், தைத்ததும் எடுத்துப் போவார். கூலி ஜோடிக் கணக்கு. கம்பெனிக்குத் திண்ணை வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, ஆர்டர் வராத மாதத்தில் கூலியும் இல்லை. தேவையானது, தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் என்று ஓனோ உதிரிபாகங்களுக்குச் சொன்னார். அதை மனிதர்களுக்கே பொருத்திக் காட்டியது நம்மவர் சாதனை. அந்த ஷூ ஐரோப்பாவில் என்ன விலைக்குப் போகிறது என்று சொல்லி அவளைக் குழப்புவதும் கிடையாது. தகவல் விரயம்!

கணக்குப் பார்ப்பதில் இத்தனை கெட்டிக்காரர்கள் தோல் பதனிடும் ஷாப் பக்கம் ஏன் திரும்பவில்லை என்று கேட்பவர்கள் விவரம் அறியாதவர்கள். ஒரு டன் பச்சைத் தோல் உள்ளே போனால் பதப்பட்ட தோலாக வெளியே வருவது கால் டன் தேறினால் அதிகம். வழக்கமான பதனிடுதலில் தோல் குடித்தது போக, போட்ட குரோமில் மூன்றில் ஒரு பங்கு நீரோடு போய்விடும். கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் எழுதியிருக்கிறது. இதெல்லாம் ஒரு பெண்ணின் ஐந்து நிமிடத்துக்கு ஈடாகுமா? அந்த ஐந்து நிமிடம் கம்பெனிக்கு நட்டம். இது பாலாற்றுக்குத்தானே நட்டம். குரோம் ஏற்றும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத முறையை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. சிலர் அவசரப்பட்டு அதை எடுத்தும் கொண்டார்கள்.

தேங்கிய சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று விடிவதற்குள், தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தேக்கி வைத்திருந்த கசடு சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்துத் தோல் ஷாப்பில் புகுந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுக்கை போட்டது, அலைச்சல் என்னும் விரயத்தைத் தவிர்க்கத்தான்.

உச்ச நீதிமன்றத்தையும் பாராட்டாமல் விட்டால் பாவம். பாலாற்றில் கலக்கும் தோல் கழிவுக்கு எதிரான வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் மனு 1991-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வின் தீர்ப்பு வந்தது: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதும் அதில் பதிவானது. 2025 ஜனவரி 30-இல் அதே பாலாறு, அதே தோல் கழிவு, அதே நீதிமன்றம், இன்னொரு தீர்ப்பு. விடுபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், மாசுபடுத்தியவரிடம் வசூலியுங்கள், கண்காணிக்க ஒரு குழு அமையுங்கள். எந்தத் தொழிற்சாலையிலும் இவ்வளவு பொறுமையான கைசனைக் காண முடியாது.

அந்தக் குழுவுக்கு என் தாழ்மையான யோசனை ஒன்று. நிபுணர்களோடு ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போன பெண் நாலு நிமிடத்தில் திரும்பவில்லை என்பதை மூன்றாவது நிமிடத்திலேயே கண்டுபிடிக்கிறவர், மாராப்பட்டுப் பாலத்தடியில் மழை நாளில் நுரைத்து ஓடும் தண்ணீர் எந்த ஷாப்பிலிருந்து வந்தது என்பதை மதியச் சாப்பாட்டு பெல் அடிப்பதற்குள் சொல்லிவிடுவார்.