தலை இங்கே, கால் எங்கே?

கிருமாம்பாக்கத்தில் எங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். மனிதர்கள் உட்கார இடமில்லாத திண்ணை எது என்று கேட்டால் போதும். அங்கே உட்கார்ந்திருப்பவை எல்லாம் பழைய சிங்கர், உஷா தையல் மெஷின்கள். "அளவு ரவிக்கை கொண்டாந்திருக்கேன்" என்று படியேறி வரும் பெண்களிடம், எனக்குப் பட்டன் தைக்கக்கூட வராது என்றால் நம்புவதில்லை.

"தைக்கத் தெரியாத மனுஷனுக்கு எதுக்குங்க இத்தனை மெஷினு?" என்பாள் மனைவி. உடனே காந்தியைத் துணைக்கு அழைப்பேன். இயந்திரம் என்றாலே முகம் சுளித்த அவர், 1924-ல் சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். தன் மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பொறுக்காமல் சிங்கர் அன்பினால் செய்த மெஷின் அது என்றார். ஐசக் சிங்கரோ நாடக நடிகராக இருந்தவர். பல பெண்களோடு குடும்பம் நடத்தி, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பனானவர். எந்த மனைவியின் கஷ்டத்தைப் பார்த்தாரோ! 1851-ல் காப்புரிமை மட்டும் ஒழுங்காக வாங்கிவிட்டார். இந்தப் பிற்பாதியை வீட்டில் சொல்வதில்லை.

தைக்க வராவிட்டாலும் பழைய மெஷின்களை ஓடவைக்க வரும். பக்கத்துத் தெரு ஆயா கொடுத்த சிங்கரில் சக்கரம் அசையவே இல்லை. அதன் வரிசை எண்ணுக்கு முன்னால் 'ஒய்' என்ற எழுத்து. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் பிறந்த சீமாட்டி.

"எண்ணெயே போடலியா ஆயா?"

"போடாம? என் தலைக்கு வச்சது போக மீதி அதுக்குத்தான்!"

தேங்காய் எண்ணெய்! நாள்பட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகிவிடும். துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். முரட்டுத்தனம் கூடாது. பழுப்பாக வடிந்து தீர்ந்த பிறகு துடைத்து, மெஷின் எண்ணெய் விட வேண்டும். துணியைத் தள்ளும் பல்லுக்கு அடியில் கெட்டியாக அடைந்திருந்த பஞ்சைச் சுரண்டினேன். மூன்று தலைமுறைப் பாவாடைகளின் நிறமும் அதில் இருந்தது.

மெஷினின் தலை ஓட ஆரம்பித்துவிட்டது, கால் எங்கே? இரும்புக் கால்கள் பழைய இரும்புக் கடை வழியாகப் புதுச்சேரிக்குப் போய், மேலே கண்ணாடி போட்டுக்கொண்டு காபிக் கடை மேசைகளாகிவிடுகின்றன. சுற்றுலா வந்தவர் காபியும் குடித்து, தைக்காத துணிக்குப் பெடலும் மிதிக்கிறார். கிளைட்பேங்க்கில் கேட்கலாம் என்றால், அந்த ஆலையை 1980-லேயே மூடிவிட்டார்கள்.

உங்கள் வீட்டு மூலையில் ஒரு மெஷின் சும்மா கிடந்தால், அவ்வப்போது சக்கரத்தைச் சுற்றி, இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். விற்றே தீருவதானால் தலையையும் காலையும் பிரிக்காமல் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் உங்கள் தலைக்கு மட்டும்.